அச்செழுத்து மட்டும் வாசிப்பாள்

பந்தல்குடி,
ஆகஸ்டு 26.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் பூமிநாதன் அவர்களுக்கு, தலைமையாசிரியர் (ஓய்வு) பொன்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ராக்கம்மாளும் உடம்பளவில் நலம். அங்கு அனைவர் நலத்தோடு, பருத்திக்கு மழை உண்டா என்பதையும் அறிய ஆவல்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் அனுப்பினால் உங்கள் தங்கை வாசித்துவிடுகிறாள், மச்சான். ஆறு மாதமாக முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறாள். அச்செழுத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கையெழுத்து பிடிபடவில்லை, அதிலும் என் கையெழுத்து ஆரம்ப நிலையினருக்கு உரியதல்ல. எனக்கு முழங்கால் வலி என்பதால் இதைத் தைரியமாக அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. தபால் ஆபீஸில் ஒட்டிக்கொள்வாள்.

விஷயம் இதுதான். செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆசிரியர் தின விழாவில் ‘ஆசிரியர் என்பவர் யார்?’ என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பத்துநான்கு வருஷம் பாடம் நடத்திய என்னை வீட்டில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கை யாரிடம் படிக்கிறாள் தெரியுமா? நாகஜோதியிடம். பத்தாவது பாஸ், நூறு நாள் வேலைக்குப் போகிறவள். எட்டாம் வகுப்பில் ‘உனக்குப் படிப்பு ஏறாது’ என்று நானே என் வாயால் சொன்ன பிள்ளை. அவள் பாடம் நடத்தும் லட்சணத்தைக் கேளுங்கள். அ, ஆ கிடையாது. எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிப்போய் பஸ் போர்டை வாசிக்கச் சொல்கிறாள். உயிரெழுத்து வருவதற்கு முன்னால் தூத்துக்குடி பஸ் வந்துவிடுகிறது.

நானே சொல்லித்தருகிறேன் என்று வீட்டில் கரும்பலகை மாட்டினேன். முதல் நாளே ‘ண’வில் ஒரு சுழியை விட்டுவிட்டாள். பழக்க தோஷத்தில் “கையை நீட்டு” என்று சொல்லிவிட்டேன். அவள் நீட்டவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று எனக்கு வெறும் ரசம்தான்.

சரி, விழாப் பேச்சையாவது கேட்கட்டும் என்று அவள் முன்னால் ஒத்திகை பார்த்தேன். ஆசு என்றால் குற்றம், அதை நீக்குபவர் ஆசிரியர் என்று தொடங்கி, பாடம் சொல்பவர், வழிகாட்டுபவர், ஒழுக்கம் புகட்டுபவர் என்று ஏழு வகை அடுக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், “தெரியலைன்னு சொன்னா சிரிக்காதவுக எத்தனாவது வகை?” என்றாள். அப்படி ஒரு வகை என் பேச்சில் இல்லை. “நாகஜோதிகிட்ட எத்தன தடவ வேணாலும் தெரியலைன்னு சொல்லலாம். ஒங்ககிட்ட ஒரு தடவகூடச் சொல்ல முடியலையே” என்றாள். இதை அகம்பாவம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பிறகு பழையதை எடுத்தாள். உங்கள் அம்மா இறந்த அன்று நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். தனியாகக் கிளம்பியவள், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி பஸ் என்று நினைத்து வீரசோழன் பஸ்ஸில் ஏறி, அலைந்து திரும்பி அங்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கவனக்குறைவு என்று அன்றைக்கு நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது சொல்கிறாள்: “வாத்தியார் பொண்டாட்டி, எந்த பஸ்ஸுன்னு யார்ட்டப் போய்க் கேக்க? வெக்கமா இருந்துச்சு.” பதினாறு வருஷம் இதை மனசுக்குள் வைத்திருந்தாள், மச்சான். அதன்பிறகு அவள் தனியாகப் பஸ் ஏறியதே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! நான் மேடையில் ஆசிரியரைப் பற்றிப் பேச, என் மனைவி என்னிடம் தேறாத மாணவியிடம் படிக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பரீட்சை. அதற்குள் அந்த வகுப்பை விட்டுவிட்டு என்னிடமே படிக்கும்படி, மூத்தவர் என்ற முறையில் தாங்கள் புத்தி சொல்ல வேண்டும். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். ஆடு குட்டிகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
பொன்ராஜ்

பி.கு.

அண்ணே, நான் ராக்கு எழுதுறேன். கவரு ஒட்டாம இருந்துச்சு. வாசிச்சேன். முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. லட்சணம், அகம்பாவம் ரெண்டும் வாசிக்க வரல. சிலேட்டுல பாத்து எழுதி அவுககிட்டயே கேட்டேன். எங்க பாத்தன்னு கேக்கல. பக்கத்துல ஒக்காந்து மூணு தடவ சொல்லிக் குடுத்தாக. சிரிக்கல. கையவும் நீட்டச் சொல்லல. அவுகள ஒண்ணும் சொல்லாதீக. பரீட்ச முடிஞ்சு திங்கக்கெழம ஊருக்கு வாரேன். தனியா வாரேன். கூப்புட யாரும் வர வேண்டாம். போர்டு பாத்து ஏறிக்கிறேன்.