பொடியண்ணனின் இரண்டாவது தும்மல்

ஒரே ஒரு தும்மலால் ஒரு பட்டாளத்தையே உட்கார வைத்த மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குடியிருப்புப் பொடியண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

ரயில் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். மூக்குப்பொடி போட்டுப் பழகியவர்களுக்குத் தும்மல் விட்டுப்போகும் என்பார்கள். இவர் மூக்கு அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. அதுவும் யாராவது ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதுதான் வரும், ஒற்றையாக. ஒற்றைத் தும்மல் தடை. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இரட்டையாக வந்தால் சுபம். ஆனால் இவரிடமிருந்து இரட்டை வந்ததாகச் சரித்திரமே இல்லை. கிள்ளானுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு கூட்டம் இவர் புண்ணியத்தில் தண்ணீர் குடித்துக் குடித்தே ரயிலைத் தவறவிட்டது. மறுநாள் போனால், பெண்ணை வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள்.

பெரிய சண்டை வந்தது. அரபு தேசத்துப் பாலைவனத்தில் பட்டாளத்துக்குத் தண்டவாளம் போட ஆள் எடுத்தார்கள். பட்டறைப் பையன்கள் நாங்கள் காக்கிச் சட்டை ஆசையில் பேர் கொடுத்தோம். பொடியண்ணனும் வந்து நின்றார்.

"மீசை மொளைக்காத பயலுவள தனியா அனுப்பிட்டு நான் இங்க இரும்ப அடிச்சுக்கிட்டுக் கெடக்கவா?"

பாடாங் திடலில் பயிற்சி. கேப்டன் துரை "மார்ச்!" என்றார். "அச்!" என்றார் பொடியண்ணன். அவ்வளவுதான், மொத்தப் பேரும் புல்லில் உட்கார்ந்து தண்ணீர்க் குடுவையைத் திறந்தோம். துரை முகம் காய்ந்த மிளகாய் ஆனது. பொடி மட்டையைப் பிடுங்கித் தூர வீசினார்.

"வீசுங்க தொரை. மூக்குக்குள்ள இன்னும் ஸ்டாக் இருக்கு," என்றார் அண்ணன், ரொம்பப் பணிவாக.

பாலைவனத்தில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆள் பற்றாமல், தண்டவாளம் போட வந்த எங்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். எதிரிகள் மணல்மேட்டில் கூடியிருக்கிறார்கள், விடிந்ததும் ஓடிப்போய் மேட்டைப் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. எழாதவனை நானே சுடுவேன் என்று துரை சொல்லிவிட்டார்.

பயம் ஆளுக்கு ஒரு விதமாக வரும். நான் தோட்டாக்களை எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஒருவன் கட்டின பூட்ஸ் கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பக்கத்துக் குவாட்டர்ஸ் முருகேசு, என்னோடு கோலி விளையாடினவன், பள்ளத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

துரை விசிலை வாயருகே வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து, "அச்!"

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகவே தண்ணீர்க் குடுவைக்குப் போனது. உட்காரவும் முடியாது, தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. தடையோடு போகிறவன் திரும்பி வருவானா?

"நான் வரலண்ணே," என்றான் முருகேசு. "எங்க ஆத்தா சத்தியமா வரல."

பொடியண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தார். சட்டைக்குள் ஒளித்திருந்த இன்னொரு மட்டையை எடுத்து அப்படியே மூக்கில் கவிழ்த்தார். வரவில்லை. துப்பாக்கி துடைக்கும் துணியைத் திரித்து உள்ளே விட்டுக் குடைந்தார். கண்ணீர் வழிந்தது, ரத்தமும் வந்தது. "வாடி என் ராசாத்தி, வந்து தொலை!" என்று கெஞ்சினார். கடைசியில் வந்தது பாருங்கள் ஒன்று, எதிரிக்கே கேட்டிருக்கும்!

"ரெட்டைடா! ரெட்டைத் தும்மல்! எல்லாம் சுபம், எந்திரிங்கடா!"

முருகேசுதான் முதலில் சிரித்தான். துரை விசிலை ஊதினார். சிரித்த வாய் மூடாமல் எழுந்து ஓடினான். அவன் பின்னால் நாங்களும் ஓடினோம்.

மேட்டைப் பிடித்துவிட்டோம். முருகேசு பாதி வழியிலேயே விழுந்து கிடந்தான்.

பொடியண்ணன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவது நான் கொடஞ்சு வரவழைச்சதுடா. அது கணக்குல சேராதோ? சாமிய ஏமாத்தப் பாத்துட்டேனோ? உக்காந்திருந்தவன நான்தானடா எழுப்பி விட்டேன்."

"அண்ணே, அவன் மூஞ்சியப் பாருங்க. பயந்துக்கிட்டாண்ணே போனான்?" என்றேன் நான்.

பார்த்தார். அப்புறம் பச்சைக் குழந்தை மாதிரி அழுதார். அவர் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஊரே கூப்பிட்டதால் நானும் அதுவரை அண்ணன் என்று கூப்பிட்டு வந்தேன்; அன்றைக்குத்தான் அவர் என் கூடப்பிறந்தவர் ஆனார்.