மூன்றடிக்குள் ஒரு செல்போன்

அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருடமாகக் கருவிகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். மீட்டர் முள் தும்மினால்கூட, என்ன சளி என்று சொல்லிவிடுவேன். என் மனைவி சங்கரிக்குத்தான் இதன் அருமை தெரியாது.

2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மைத்துனன் ராகவன் ஊரப்பாக்கத்தில் வீடு மாற்றுகிறான். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை, இரும்பு பீரோ உண்டு. "லாரி வந்ததும் போன் பண்றேன் மாமா" என்றிருந்தான்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் எங்கள் லேண்ட்லைன் நாலு நாளாகப் பிணம். செல்போனை சைலண்டில் போட்டு, கம்ப்யூட்டர் மேஜை டிராயரில் பழைய பத்திரிகைகளுக்கு அடியில் புதைத்தேன். எங்கள் நிலையத்துக்குள் செல்போன் கூடாது. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அது எவ்வளவு நல்ல சட்டம்!

"கேட்ல குடுத்த போனை வாங்க மறந்துட்டேன் சங்கரி. நாளைக்குத்தான் கிடைக்கும்."

"அப்படியா? பாவம், ராகவன்."

கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டுச் சாய்ந்தேன். பாட்டுக்கு நடுவே ஸ்பீக்கர், 'டட்டட்டட்... டர்ர்ர்' என்றது.

"என்னங்க, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா? எலக்ட்ரீஷியன் எல்லப்பனைக் கூப்பிடட்டா?"

எல்லப்பனா! என் வீட்டிலா! ரத்தம் கொதித்தது. பிளக்கை மாற்றினேன். நீண்டு கிடந்த ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக் கட்டினேன். இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றைத் தேடி எடுத்து வயரில் மாட்டினேன்.

"தீர்ந்தது!"

'டட்டட்டட்... டர்ர்ர்.'

"எல்லப்பன் பத்து நிமிஷத்துல வந்துடுவான்."

"அவனுக்கு என்ன தெரியும்? இது ரேடியோ இன்டர்ஃபியரன்ஸ்! இந்த வயர் ஒரு ஆன்டெனா மாதிரி. செல்போனுக்குக் கால் வர்றப்போ அந்த சிக்னலை இது பிடிச்சுக்கும்."

"எங்கேயோ ரோட்டுல போற போனா இருக்கும்."

"ரோடா? சான்ஸே இல்லை! மூணடிக்குள்ள போன் இருந்தாத்தான் இந்தச் சத்தம் வரும்."

"நிச்சயமாவா?"

"என் இருபது வருஷ சர்வீஸ் மேல சத்தியம்!"

முதுகுக்குப் பின்னாலிருந்து சங்கரி கையை முன்னால் கொண்டுவந்தாள். கையில் கார்ட்லெஸ் போன். ரீடயல் பட்டனை அமுக்கினாள். ஸ்பீக்கர் விசுவாசமாக, 'டட்டட்டட்' என்றது.

"நேத்து சாயங்காலமே லைன்மேன் வந்து சரி பண்ணிட்டாருங்க. ராகவன் இதுல பேசினான். மாமா செல்லுல ரிங் போகுது, எடுக்கத்தான் மாட்டேங்கிறார்னான். கேட்ல இருக்கிற போன்தானே, அதான் நானும் ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன்."

டிராயரைத் திறந்து போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் பீரோவின் கனமான பக்கத்தோடு மூன்றாவது மாடியை எட்டினேன். உள்ளே சங்கரி, தம்பியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"உங்க மாமா ஒரு விஷயத்தை விளக்கினார்னா, அதுல தப்பே இருக்காதுடா!"