மச்சானின் தகடுகளும் என் தடுப்பின் நிழலும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் மகன் மிக மிக நலம். அதுதான் பிரச்சினை.

நாங்கள் கட்டும் விண்கலத்தின் ஒரு முனையில் அணு உலை, மறுமுனையில் ஆட்கள் தங்கும் அறை. உலை தரும் மின்சாரத்தில்தான் கலம் ஓடும். உலையின் கதிர்வீச்சு அறைக்குப் போகாமல் நடுவே நிற்கும் கனத்த தடுப்பு என் பொறுப்பு. கலம் முழுவதையும் போர்த்தினால் எடை தாங்காது. இன்ஜின் தள்ளுவதே ஓர் எலுமிச்சம்பழத்தின் கனத்துக்குத்தான். ஆகவே எல்லாரும் என் தடுப்பின் நிழலுக்குள் அடக்கமாக இருக்க வேண்டும்.

மச்சானின் வேலை, உலைச் சூட்டை வெளியேற்றும் தகடுகள். சென்ற வாரம் வரைபடத்தைப் பார்க்கிறேன், அவை நிழலைத் தாண்டி இரண்டு சாண் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கதிர்கள் அதில் பட்டுத் தெறித்து அறைக்குள் வந்துவிடும். "நறுக்குங்க" என்றேன். "நான் ஒரு விரக்கடைகூட நீட்டல மாப்ள" என்றார். பிடிவாதம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே உண்டாம், தங்கள் சாயலாம். உங்கள் மகள் சொன்னாள். ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தவருக்கு மேசை விளக்கை உலையாகவும் தட்டைத் தடுப்பாகவும் வைத்து விளக்கப்போக, விளக்கு சரிந்து, தட்டு உடைந்து, காபி அவர் சட்டையில் கொட்டி, "வேணும்னே ஊத்துறீங்க" என்று அவர் எழுந்து போய், உங்கள் மகள் "விண்வெளியில யாருக்குப் பாதுகாப்போ தெரியாது, இந்த வீட்ல உங்களுக்கு இல்ல" என்றாள். அன்றுமுதல் நானும் மச்சானும் அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து மின்னஞ்சலில் பேசிக்கொள்கிறோம்.

வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. தகடு இப்படியே இருந்தால் கலத்தையே கைவிட்டுவிடுவார்கள். ஒன்பது வருட உழைப்பு மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

அத்தையின் முழங்கால் வலி குறைய வேண்டும், தங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும்.

அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது மச்சான் பழைய வரைபடத்தோடு வந்தார். போன மாதம் உலையைக் கட்டுப்படுத்தும் மோட்டாருக்கு இடம் வேண்டுமென்று தடுப்பை உலையிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தது நான்தான். தள்ளினால் நிழல் சுருங்கும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான். தகடு அசையவே இல்லை. "தப்பு என்னோடதுன்னு தலைமைப் பொறியாளர்கிட்ட சொல்லிட்டேன் மாப்ள. நீங்க தடுப்ப பழைய எடத்துல வச்சிடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கப்போனேன், உங்கள் மகள் விடவில்லை. இந்தப் பி.கு.வை அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். கண் கலங்கியதை மட்டும் நானாகச் சேர்த்தேன்.