கலங்கிய குப்பியும் கலங்காத மனைவியும்

ஒரே ஒரு வீட்டிலே ஒரே ஒரு ராஜா இருந்தானாம். அவன் ராஜா என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியுமாம். கூட இருந்த ராணிக்கு அந்தத் தகவல் கடைசிவரை போய்ச் சேரவே இல்லையாம். சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது, அந்த ராஜா நான்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என் மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஊசி மருந்து கலக்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் ஷிப்டு வேறு, என் ஷிப்டு வேறு. நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது சாயங்காலம் டீ குடிக்கிற நேரம் மட்டும்தான். மற்றபடி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிற துண்டுக் காகிதம்தான் எங்கள் தாம்பத்தியம்.

அந்த டீ நேரத்தில் வந்து புகுந்தார் மாடி வீட்டு ஜிம் மாஸ்டர்.

வாசலில் அவர் நின்றால் எங்கள் வீட்டில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். கழுத்து என்று ஒன்று அவருக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கும். தோள்கள் இரண்டும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. தோள் வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, இணையத்தில் பெப்டைட் என்று ஏதோ புரதத் துணுக்குப் பொடி வாங்கியிருந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கரைத்தார். கலங்கிவிட்டது. குப்பியும் கையுமாக நேரே என் மனைவியிடம் வந்துவிட்டார்.

"மேடம், இது ஏன் மேடம் பால் மாதிரி நிக்குது?"

"என்ன தண்ணி விட்டீங்க?"

கவனியுங்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் "தண்ணி குடிச்சீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்காதவள்.

"கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மேடம்."

"அது குடிக்கத்தான் ஆகும். ஊசிக்கு ஆகாது."

மறுநாள் வேறு குப்பியோடு வந்தார். "சலைன்ல கலந்தேன் மேடம். நூல் நூலா மிதக்குது."

"சில மருந்துக்கு உப்பு ஒத்துக்காது. குலுக்கினீங்களா?"

"கை வலிக்கிற வரைக்கும் குலுக்கினேன்."

"குலுக்கவே கூடாது மாஸ்டர். தண்ணியைக் கண்ணாடி ஓரமா வழிய விடணும். உள்ளங்கையில வெச்சு இப்படி மெதுவா உருட்டணும்."

உருட்டியும் காட்டினாள். பிறகு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்து, இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். என் டீயில் ஆடை கட்டியது. "அக்கா" என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மேடமாம் மேடம்.

அதற்கடுத்த நாள் இரண்டு புட்டித் தண்ணீரோடு வந்து நின்றார். ஒன்று ஊசிக்கான வெறும் சுத்தத் தண்ணீர். இன்னொன்று கிருமி வளராமல் இருக்க மருந்து சேர்த்தது.

"ரெண்டுல எது மேடம்?"

"எந்தத் தண்ணின்னு மருந்து செஞ்சவங்க சீட்டுல போட்டிருக்கணும். உங்க குப்பியில சீட்டே இல்ல. உள்ள என்ன இருக்குன்னே தெரியாத பொடிக்கு நான் எந்தத் தண்ணியைச் சொல்ல? கலங்கினதை உடம்புல ஏத்தவே கூடாது. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

"மனசு வரல மேடம்."

தினமும் நூறு கிலோ தூக்குகிறவர். ஒரு குப்பியைத் தூக்கிப் போட முடியவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் கலங்கினால்தான் கவனிப்பு என்றால், ராஜாவும் கலக்குவான்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவள் சில காலிக் குப்பிகளை அலமாரியில் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்தேன். ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். உள்ளே போட வெள்ளையாக ஏதாவது வேண்டும். குளியலறையில் பல்பொடி இருந்தது. ஒரு சிட்டிகை போட்டு, குழாயைத் திறந்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக் குலுக்கினேன். என்ன ஒரு கலங்கல். மாஸ்டர் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிக் கலக்க மாட்டார்.

சாயங்காலம், அவர் இறங்கி வருவதற்கு முன்பே, அவளிடம் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"பெப்டைட். உடம்பு தேறட்டும்னு வாங்கினேன். கலங்கிப்போச்சு. கொஞ்சம் பாரேன்."

டீயைக் கீழே வைத்தாள். எனக்காக, ஆறிப்போகும் என்று தெரிந்தும் வைத்தாள். குப்பியோடு ஜன்னலுக்குப் போனாள். நானும் போய்த் தலையோடு தலை சேர்த்துக்கொண்டேன்.

"என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி."

"நல்ல தண்ணின்னா?"

"குழாய்த் தண்ணிதான். ஆனா குலுக்கல. நீ சொன்ன மாதிரி உருட்டினேன்."

"நான் உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"

"மாஸ்டர்கிட்ட சொன்னியே."

"நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்களே."

"தலைகீழாப் பிடிச்சிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. "இதை ஊசியாப் போட்டுக்கிட்டீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு கவலை. இத்தனை வருஷத்தில் பார்க்காதது. பேராசை வந்துவிட்டது.

"கொஞ்சம்," என்றேன். "தொடையில."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். சொர்க்கம் எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில்தான் இருந்தது. பிறகு குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரம் கீழ வாங்க."

"அவர் எதுக்கு?" என்றேன்.

"உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

மாஸ்டர் ஓடி வந்தார். படி அதிர்ந்தது.

"பாருங்க மாஸ்டர். உங்களைப் பார்த்துத்தான் இவரும் பொடி வாங்கியிருக்கார். கலங்கினதைப் போட்டுக்கிட்டாராம். முகம் எப்படி வெளிறிப்போச்சு பாருங்க. தோள் ரெண்டும் தொங்குது."

"சார் எப்பவும் அப்படித்தானே மேடம்."

"கை நடுங்குதே."

அது உண்மை. கை நிஜமாகவே நடுங்கத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். திரும்பி மாடிக்கு ஓடினார். ஒரு செருப்பு டப்பாவோடு இறங்கி வந்தார். உள்ளே குப்பிகள், தண்ணீர்ப் புட்டிகள், ஊசிகள்.

"எல்லாம் இதுல இருக்கு மேடம். இனிமே ஒண்ணுகூட என் வீட்டுல வேண்டாம்."

"ஆஸ்பத்திரியில மருந்தை அழிக்கிற இடத்துல சேர்த்துடறேன்," என்று அவள் வாங்கி, தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மாஸ்டர் என்னைத் தூக்கினார். கட்டிலில் கிடக்கும் தலையணையை எடுக்கிற மாதிரி.

"அங்க என்ன பண்ணுவாங்க மேடம்?"

"ரத்தம் எடுப்பாங்க. ஊசி போட்ட இடத்தைக் கீறிப் பார்த்தாலும் பார்ப்பாங்க. எந்தத் தொடைங்க?"

"வ... இடது," என்றேன்.

"ரெண்டையும் கீறச் சொல்லிடலாம்," என்றார் மாஸ்டர். அக்கறையாகத்தான் சொன்னார்.

"இறக்குங்க மாஸ்டர். நான் போட்டுக்கல. அது பெப்டைடே இல்ல. பல்பொடி."

இறக்கினார். அவர் மார்பு என் கண்ணுக்கு நேரே ஏறி இறங்கியது.

"பல்பொடியா? எதுக்கு சார்?"

உன்மேல் பொறாமை என்று அந்த மார்பிடம் எப்படிச் சொல்வது?

"உடம்பைத் தேத்தணும்னு ரொம்ப நாளா ஆசை மாஸ்டர். நிஜப் பொடிக்குத் தைரியம் வரல. பல்பொடியில ஒத்திகை பார்த்தேன்."

"கேட்டீங்களா மாஸ்டர்?" என்றாள் என் மனைவி. "ஆசைப்பட்டுட்டார். ஊசி வேண்டாம், பொடி வேண்டாம், நீங்களே தேத்தி விட்டுடுங்க. சாயங்காலம் இந்த நேரம் சும்மாதான் இருப்பார்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே சார். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். நம்ம ஜிம்முக்கு லீவே கிடையாது."

அவர் வாசலில் ஷூ மாட்டப் போன சமயம் அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூடியைத் திறந்தப்பவே. கிராம்பு வாசனை தூக்குச்சு."

"அப்புறம் எதுக்கு அவரைக் கூப்பிட்டே?"

"எத்தனை நாள் சொன்னேன், கேட்டாரா? நீங்க நடுங்கினதும் கேட்டுட்டார்." என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "இனிமே எந்தத் தண்ணின்னு கேட்டு யாரும் இந்த வீட்டுக்கு வர மாட்டாங்க. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்."

"அப்பப் போயிட்டு வாங்க."

சாயங்கால நேரத்தில் மாஸ்டரோடு என் மனைவியைத் தனியே விடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடும். விடவில்லை. மாஸ்டரோடு இப்போது நான்தான் தனியே. அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.