சன்னலை வைத்தான் முத்துவீரப்பன்

கேளீர், கேளீர்! பினாங்குத் துறைமுகத்துக் கடற்காற்றைத் தான் முதலில் வாங்கி மிச்சத்தை மற்றவர்க்கு விடுபவனும், கணக்கப்பிள்ளைகளுள் கடும்புலியும், அடகில்லாமல் அரை வெள்ளியும் எவருக்கும் ஈயாத இரும்பு நெஞ்சினனும் ஆகிய முத்துவீரப்பன் வாழ்க! செட்டியார் கடைப் பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்து உறங்கும் பினாங்கு ஸ்திரீட்டுக் கிட்டங்கியில் இருந்தது ஒரே சன்னல். அதனடியில் விரிந்தது அவன் பாய். மூத்தவர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்வரை மூன்றாண்டு வெந்து புழுங்கிப் பெற்ற அரியணை அது. கூடத்தின் மறுகோடியில் கக்கூஸ். அதன் கதவோரம் படுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு காலந்தள்ளியவன் மெய்யநாதன்.

சீனப் புத்தாண்டுக்கு ஊரே கடையடைத்த உச்சிவேளையில், வெடிச்சத்தமே போர்முரசாக, வேலையற்ற வீரர்கள் வட்டமாய் அமர்ந்து போக்கர் என்னும் பெருஞ்சமரைத் தொடங்கினர். ஆளுக்கு ஐந்து சீட்டு. பந்தயம் கட்டியபின் வேண்டாததைக் கழித்து வேறு வாங்கலாம். பந்தயத்துக்கோ எல்லையே கிடையாது. காசு வைத்தால் முதலாளி ஊருக்கு எழுதிவிடுவார் என்பதால் வேலையையும் வசதியையும் வைத்து ஆடினர். மற்றவர் எல்லாம் சீட்டை மடக்கி ஆட்டத்தை விட்டு விலக, களத்தில் நின்றோர் முத்துவீரப்பனும் மெய்யநாதனுமே.

நம் மாவீரன் கையில் நான்கு இஸ்பேட்டு, ஓர் ஆட்டின். ஆட்டினைக் கழித்து வாங்கும் ஐந்தாவதும் இஸ்பேட்டாய் அமைந்தால் வெற்றி அவனுக்கே. அமையாவிட்டால் அத்தனையும் குப்பை. அதாவது, ஐயா, கையில் ஒன்றுமில்லை, ஆசைதான் இருந்தது.

மெய்யநாதன் தொண்டையைச் செருமினான். "அண்ணே, ஒரு மாசம் உங்க துணியெல்லாம் நான் தோய்க்கிறேன். நீங்க சன்னலை வைங்க. இல்லாட்டி மடக்கிருங்க."

இவ்விடத்தில் மூளையுள்ளவன் என்ன செய்வான்? வராத சீட்டுக்குச் சில்லறை விலை கேட்டால் கொடுத்துப் பார்ப்பான். சொத்தையே கேட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை போடப் போவான். கண்ணில் படாத நாற்பத்தேழு சீட்டில் இஸ்பேட்டு ஒன்பதே. ஐந்து முறை இழுத்தால் ஒரு முறை வருவதே சந்தேகம். வந்தாலும் கிடைப்பது வெளுத்த வேட்டி! ரப்பர் தோட்டத்தையே அடகுவைக்க வந்தவரின் பத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்று அலையவிடும் இந்த மகாபுத்திசாலி, பத்திரமும் இல்லாத, ஜாமீனும் இல்லாத, முகமே காட்டாத ஒரு துண்டுக் காகிதத்தை நம்பினான். மடக்கினால் பயந்துவிட்டான் என்று பயல்கள் சிரிப்பார்களாம். தூ, அதற்காக!

"அவசரப்படாதீங்கண்ணே, நல்ல இடம்லா அது," என்றான் சீட்டைப் பங்கிட்ட பழனியப்பன்.

எழுந்தான் வீரன், இடுப்பு வேட்டியை இறுக்கினான், எண்டிசையும் அதிர முழங்கினான். "இஸ்பேட்டு எனக்கு அடங்கின சீட்டுடா! இதோ வச்சேன் சன்னலை!"

வாங்கிய சீட்டை நெஞ்சோடு அணைத்து, இரு கட்டைவிரலாலும் மறைத்து, மணப்பெண்ணின் முகத்திரையை விலக்குவதுபோல் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். கறுப்பு தெரிந்தது. "கறுப்புடா! கறுப்பு!" என்று அவன் துள்ளிய துள்ளலில் எச்சில் படிக்கம் உருண்டது. சிவப்பு இரண்டும் தொலைந்தன, இனி இஸ்பேட்டல்லாமல் வேறென்ன என்று இறுமாந்து, சீட்டைத் தரையில் அறைந்தான்.

கிளாவர். கறுப்பிலும் இரண்டு சாதி உண்டென்பது, சீட்டுப் பிடித்த நாள்முதல் அறிந்திருந்தும், அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெய்யநாதன் மூன்று ஏழுகளை மெல்ல வரிசைப்படுத்திக் காட்டினான். முகத்தில் சிரிப்புகூட இல்லை. கக்கூஸோரம் பாய் விரித்த நாள்முதல் முதன்முறையாக மூச்சை ஆழ இழுத்தான், அவ்வளவே.

"அண்ணே, வேட்டி இருந்தா குடுங்க, பாவம், ஒண்ணு ரெண்டு தோய்ச்சுத் தர்றேன்," என்றான்.

வட்டிக்கடல் கடந்த வேங்கை, சன்னலோரச் சக்கரவர்த்தி, இஸ்பேட்டுகளை ஆண்ட ஏந்தல், சன்னலடிக்கு நடந்தான்.

பாயைச் சுருட்டிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போய்ப் படுத்தான்.