மூன்று முகூர்த்தமும் ஒரு கேசரித் தட்டும்

எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஒரு தேதியைச் சொன்னால் போதும், அன்றைக்கு உலகத்தில் யார் பிறந்தார், யார் செத்தார், எது இடிந்து விழுந்தது என்று உடனே ஒப்பித்துவிடுவேன். (இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனிக்கவும். இப்போது குணமாகிவிட்டது.)

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொம்மனஹள்ளியில் ரூம். ஆபீஸ் கேப் வண்டியில் என்னோடு ஆறு பேர் வருவார்கள். அந்த ஆறு பேருக்கும் டிரைவருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் தினமும் காலை ஏழு மணிக்கு "இந்த நாளில்" என்று ஒரு பட்டியல் போடுவேன். பிறப்பு, இறப்பு, முக்கிய நிகழ்வு என்று மூன்று தலைப்பு. பிறப்பில் சுவாரசியம் கம்மி. குழந்தை பிறந்தது, அழுதது, அவ்வளவுதானே? சாவிலும் சேதத்திலும்தான் கதை இருக்கும் என்பது அப்போதைய என் கொள்கை. யாரும் பதில் போட மாட்டார்கள். டிரைவர் மஞ்சு மட்டும் ஒருநாள், "சார், ஏனாதரூ ஒள்ளேது ஹாக்கி சார்" என்றார். ஏதாவது நல்லதாப் போடுங்க சார் என்று கெஞ்சுகிறார் மனுஷன். அவருக்கு வரலாற்று அறிவு போதாது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. ஐந்து வீட்டில் பெண் பார்த்து, ஐந்தும் தட்டிப்போய், ஆறாவதாக ஈஜிபுராவில் தேன்மொழியைப் பார்த்தோம். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற குடும்பம். அப்பாவிடம் தமிழில் கோபித்துக்கொண்டு, அதே மூச்சில் காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவாள். இரண்டு மாதம் போனில் பேசினோம். எனக்கு அவளை ரொம்ப ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு. அவளுக்கும் சம்மதம். தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மூவருமாக ஈஜிபுராவுக்குப் போனோம். தேன்மொழியின் அப்பாவும், அவருடைய அக்காவும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். அந்த அக்காவை அந்த வீட்டில் பெரியத்தை என்பார்கள். அவர் தலையசைக்காமல் அங்கே குக்கர் கூட விசில் அடிக்காது. எவர்சில்வர் தட்டில் கேசரி வந்தது. மாமா, அதாவது தேன்மொழியின் அப்பா, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய தாளை எடுத்தார்.

"ஜோசியர் மூணு முகூர்த்தம் குடுத்திருக்காரு. மூணுக்கும் சத்திரம் காலியா இருக்கு. உங்களுக்கு எது தோதுப்படுதோ சொல்லுங்க" என்று முதல் தேதியைப் படித்தார்.

(அந்தத் தேதிகளை இங்கே எழுத மாட்டேன். யாராவது அன்றைக்குக் கல்யாணம் வைத்திருப்பார்கள், எதற்கு வம்பு?)

சமையலறை வாசலில் தேன்மொழி நின்றிருந்தாள். பையன் எவ்வளவு விஷயம் தெரிந்தவன் என்று அவளுக்குக் காட்ட வேண்டாமா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ரொம்ப முக்கியமான நாள் மாமா! அன்னிக்குத்தான் ஒரு ராஜாவை அவரோட சொந்த மருமகனே பந்தியில வெச்சுக் குத்திக் கொன்னான்."

மாமா கையிலிருந்த கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

பெரியத்தை மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அன்னிக்கு நல்லது எதுவும் நடக்கலியா தம்பி?"

"நடந்திருக்கு அத்தை! ஒரு பெரிய கணித மேதை பிறந்திருக்காரு."

"நல்லா இருந்தாரா?"

"இல்ல அத்தை. கல்யாணம் ஆன மறு வருஷமே போயிட்டாரு."

அதை ஏன் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று ஒரு வீம்பு.

மாமா அவசரமாக இரண்டாவது தேதிக்குத் தாவினார். இந்தத் தடவை வாயே திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் பெரியத்தை விடவில்லை. "அன்னிக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க தம்பி, பரவாயில்ல" என்றார்.

"ஒரு பாலம் இடிஞ்சுது அத்தை."

"சரி, பாலந்தானே."

"மேல கல்யாண ஊர்வலம் போய்க்கிட்டிருந்துது."

மூன்றாவது தேதியைப் பெரியத்தை தாளிலிருந்து தானே படித்தார். நான் செல்போனை எடுத்துப் பார்த்தேன். பிரசவத்தில் ஒரு ராணி, கடலில் ஒரு கப்பல், ஒரு ஊர் முழுக்கத் தீ. "அன்னிக்கு ஒண்ணுமே நடக்கல அத்தை" என்றேன். என் முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். அவர் என்னையே பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து மாமாவிடம் கொடுத்தார்.

"மனசுக்குச் சரியாப் படலப்பா. நல்ல காரியம் பேச உக்காந்தா சாவுச் செய்தியா வருது."

மாமா அப்பாவைப் பார்த்து, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

பெண் வீட்டில் யோசிச்சுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று ஐந்து தடவை கேட்டவனுக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு வாயின்னு ஒண்ணு எதுக்குடா குடுத்தான் கடவுள்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

"ஒரு நிமிஷம்!"

தேன்மொழி. கையில் நான் பாதி சாப்பிட்டு வைத்த கேசரித் தட்டு. மிச்சக் கேசரியை ஒதுக்கிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஒரு தேதி வெட்டியிருக்கு பாருங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு படிங்க. ஒண்ணு விடாமப் படிக்கணும்."

கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பேரும் தேதியும் வெட்டித் தருவார்களே, அதுதான். நெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். "சரோஜா – கோவிந்தராஜ் திருமணம்" என்று இருந்தது. சரோஜா யார் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது என்று செல்போனைப் பார்த்துப் படித்தேன்.

"ஒரு எரிமலை வெடிச்சிருக்கு. ரெண்டு ராஜா செத்திருக்காங்க, அதுல ஒருத்தருக்கு விஷம் வெச்சிருக்காங்க. ஒரு நாட்டுல புரட்சி. ஒரு ரயில் தடம் புரண்டு..."

"எரிமலையா!" என்று அலறியது பெரியத்தை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, சரோஜா யாரென்று. செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆமா அத்தை, உங்க கல்யாண நாள்தான்" என்றாள் தேன்மொழி. "முப்பத்தாறு வருஷம் ஆச்சு. கோவிந்தராஜ் மாமா எப்படி இருக்காரு?"

பெரியத்தை தட்டை வாங்கி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த மனுஷனுக்கு என்ன? இன்னிக்குக் காலையில கூட எனக்குக் காபி போட்டுக் குடுத்துட்டுத்தான் கடைக்குப் போனாரு" என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், நிற்கவே இல்லை. "எரிமலையாமே! ரெண்டு ராஜாவாமே! அவருக்கு போன் போடுங்கடா!"

மாமாவும் சிரித்தார். மடித்த தாளை மறுபடி பிரித்தார். "ஆயித்து பிடு, ஆச்சு விடு. முதல் தேதியே இருக்கட்டும். பந்தியில நான் மாப்ளைக்கு எதிர்ல உக்கார மாட்டேன், அவ்வளவுதான்."

மாப்ளை! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இன்னொரு தட்டு கேசரி சாப்பிட்டேன். அம்மா கூடத் திட்டவில்லை.

மறுநாள் காலை குரூப்பில், "இந்த நாளில்: எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது" என்று மட்டும் போட்டேன். ஏழு பேரும் பதில் போட்டார்கள். மஞ்சு மூன்று லட்டுப் படம் அனுப்பியிருந்தார். அதோடு பட்டியலை நிறுத்திவிட்டேன்.

கல்யாணத்தில் மாமா சொன்னபடியே நாலு இலை தள்ளித்தான் உட்கார்ந்தார். பெரியத்தை ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா சீர் கொடுத்தார். எங்கள் பேர், தேதி, அதற்குக் கீழே இன்னொரு வரி. இதையுமா வெட்டணும் என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டாராம்.

இப்போது அந்த அண்டா எங்கள் சமையலறையில் தண்ணீரோடு நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து படிப்பார்கள்: "இந்த நாளில் வேறு ஒன்றும் நடக்கவில்லை." இது என்னங்க என்று கேட்பார்கள். தேன்மொழி உடனே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதை ஏன் கேக்கறீங்க" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் வாயைத் திறக்காமல் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி போடுவேன்.