ஐஸ் கொம்பனியில் ஒரு தலைவர் உருவாகிறார்

புத்தகம் படிக்காதவர்களால் உலகத்துக்கு வரும் தொல்லையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். படித்தவர்களால் வரும் தொல்லையைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை; எழுதுகிறவர்களும் அந்தக் கூட்டம்தானே. அந்தக் கூட்டத்துக்குள் தனி இனம் ஒன்று உண்டு: தலைமைத்துவப் புத்தகம் படித்தவர். கண்டுபிடிப்பது சுலபம். நேற்றுவரை கூட்டம் என்றதை இன்று 'பகிர்வு வட்டம்' என்பார். வேலை முடியாவிட்டால் 'பயணம் தொடர்கிறது' என்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் தலையைச் சற்றே சாய்த்து, 'மிக முக்கியமான கருத்து' என்பார். நீங்கள் சொன்ன விஷயம் அத்தோடு முடிந்தது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்தீர்களானால் இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்றைக் காட்டலாம். பெயர் அகீல். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி கொடுக்கும் கொம்பனியின் முதலாளி. அவருடைய வாப்பா காலத்தில் நிர்வாகம் என்றால், காலையில் வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பது. கட்டி உறைந்திருந்தால் தேத்தண்ணீர் குடிப்பது. அகீலுக்கு அது போதுமா? கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார், ஒரு பெட்டி புத்தகத்தோடு திரும்பினார், வந்த கையோடு, தலைவனின் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அலுவலக அறைக் கதவைக் கழற்றிச் சுவரோடு சாத்தினார். கடற்காற்று உள்ளே வந்து பற்றுச்சீட்டுகளை வாரிக்கொண்டு போனது. கணக்கு எழுதும் இலிகிதர் ஷிஃபானா அவற்றின் பின்னால் ஓடினார். 'பாருங்கோ, இப்பதான் இந்த இடத்துக்கு ஓர் ஓட்டம் வந்திருக்கு' என்று அகீல் மகிழ்ந்தார்.

சுவரில் ஒரு வாசகமும் ஏறியது: 'நாங்கள் ஐஸ் விற்கவில்லை, குளிர்ச்சியின் அனுபவத்தை வழங்குகிறோம்.' படகுக்காரர் றம்ஸான் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அனுபவம் ஒரு பக்கம் இருக்கட்டும் நானா. எனக்கு இருபது கட்டி போடுங்கோ."

அகீல் கோபிக்கவில்லை. தலைவன் கோபிக்க மாட்டான் என்று மூன்றாவது புத்தகத்தில் இருந்தது.

இனி யோகலிங்கம். இருபத்திரண்டு வருடமாக ஐஸ் உறையவைக்கும் மெஷினோடு வாழ்பவர். அது இருமினால் என்ன, முனகினால் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் ஒரு நாள் கதவில்லாத அறைக்குள் வந்தார்.

"தம்பி, மெஷின் பெல்ட் தேஞ்சுபோச்சு. புதுசு ஒண்டு எடுக்கவேணும்."

"லிங்கண்ணன், பிரச்சினையைக் கொண்டுவரக் கூடாது. தீர்வைக் கொண்டுவரவேணும்."

"பெல்ட்தான் தம்பி தீர்வு."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? தொலைபேசியை எடுப்பான். அகீல் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். எந்தச் சிக்கலுக்கும் ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் ஆணிவேர் தட்டுப்படும் என்று படித்திருந்தார். ஏன் பெல்ட் தேய்ந்தது? ஓடினபடியால். ஏன் ஓடியது? ஐஸ் வேணுமே. ஏன் முன்னமே மாற்றவில்லை? மாற்றுவதற்குப் பெல்ட் இல்லை. ஏன் இல்லை? வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

"நீங்கள் வாங்கித் தரேல்ல, தம்பி. மூண்டு மாசமாச் சொல்லுறன்."

அகீலுக்கு மெய் சிலிர்த்தது. ஆணிவேர்! அப்படியே பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, யோகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெல்ட்டை மட்டும் மறந்துபோனார். கடைசியில் ஷிஃபானாதான் தானாகவே கொழும்புக்குச் சொல்லி, புதன்கிழமை பெல்ட் வந்து சேர்ந்தது.

அதை மெஷினில் பூட்ட ஒரே நாள்தான் உண்டு. இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை படகுகள் போவதில்லை; ஜும்ஆத் தொழுகைக்கு நிற்கும். அதனால் சனி அதிகாலையில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், இரண்டு மடங்கு ஐஸ் கேட்கும். வெள்ளி காலையில் ஒரு மணித்தியாலம் மெஷினை நிறுத்திச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, மறுபடி ஓடவிட்டு, சனிக்குக் கட்டி உறையவைப்பதுதான் பழைய வழக்கம்.

அந்த வெள்ளியைத்தான் அகீல் 'புத்தாக்க நாள்' ஆக்கினார். இடம், உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. காவற்காரர் உட்பட ஒருவரும் விடுபடக் கூடாது. ஜும்ஆவுக்கு ஓர் இடைவேளை, அதன் பிறகு மறுபடியும் வட்டம்.

"தம்பி, பெல்ட்? அதைவிடுங்கோ, ஓடுற மெஷினை ஆர் பாக்கிறது?"

"நம்பிக்கை வைக்கவேணும் அண்ணன். விட்டுக்கொடுக்கிறதுதான் தலைமைத்துவம்."

அப்படியாக, யோகலிங்கம் கடற்கரை மணலில் சம்மணமிட்டு அமர்ந்து, காகிதத்தில் கோபுரம் கட்டினார். அவருடைய கோபுரம்தான் உயரம். அகீல் கை தட்டினார். அந்நேரம் கொம்பனியில் பெல்ட் அறுந்தது. கேட்பதற்கு அங்கே ஓர் ஆளும் இல்லை; உப்புவெளியில் வட்டம் இரவுவரை நீண்டது.

சனி விடிந்தபோது தொட்டியில் இருந்தது பச்சைத் தண்ணீர். கரையில் பதினாலு படகு. றம்ஸான் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார், பாலத்தைத் தாண்டிக் கிண்ணியா ஐஸ் கொம்பனிக்கு லொறியை அனுப்பினார். மற்றவர்களும் அனுப்பினார்கள். யோகலிங்கம் புதுப் பெல்ட்டைப் பூட்டி, மெஷினை ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து தானும் கிண்ணியாவுக்குத்தான் வேலைக்கு என்றார்.

அகீல் அன்றிரவு சாப்பிடவில்லை. படகு போனதை அவர் தாங்கிக்கொண்டார். வாப்பாவோடு நின்ற மனிதர் போனதைத் தாங்க முடியவில்லை. பாவம், அவர் கெட்டவர் அல்ல. நல்லவராக இருக்கத்தான் அத்தனை புத்தகமும் படித்தார். நான்காம் நாள் கிண்ணியாவுக்குப் போய், மெஷின் அறை வாசலில் நின்றார்.

"லிங்கண்ணன், திரும்பி வாங்கோ. எங்க பிழைச்சது எண்டு மனம் திறந்து சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

யோகலிங்கத்துக்கும் மனம் இளகியது.

"தம்பி, பெல்ட் மாத்தவேணும் எண்டு சொன்னனான். அவ்வளவுதான். அதுக்குள்ள வேற ஒண்டும் இல்ல."

அகீலின் கண் கலங்கியது. எவ்வளவு ஆழமான வார்த்தை! சட்டைப் பையில் கைவிட்டுப் பேனையை எடுத்தார்.

"அண்ணன், அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

யோகலிங்கம் உள்ளே போய்விட்டார், வந்த படகுக்கு ஐஸ் இறக்கவேண்டியிருந்தது. வரும் மாதம் அகீல் வர்த்தகர் சங்கத்தில் பேசுகிறார். தலைப்பு, 'கேட்கும் தலைவன்.'

சிரித்துவிட்டீர்களா? சிரிக்கும்போதே ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்: உங்கள் மேலதிகாரி, மைத்துனர், பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகசபையில் ஒருவர். இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று: உங்களிடம் யாரோ மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வேலை என்ன? நினைவில்லையா? வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு நினைவிருக்கும்.